கசேலா வீட்டுப் பத்திரிகை

நியூஜெர்சியில், எடிசன் ஊரின் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு நகைக்கடைக்கும் ஒரு சாட் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது 'பாக்கியம் பிரிண்ட்ஸ்'. பத்து மணிக்குத் திறக்கிற கடை. அந்த டிசம்பர் வியாழக்கிழமை மட்டும் காலை ஏழே முக்காலுக்கே திறந்துவிட்டது. உள்ளே மிஷின்கள் சூடேறிக்கொண்டிருந்தன. கடைக்காரி தனபாக்கியத்தின் நெஞ்சும்தான்!

காரணம், போனில் சிவராமகிருஷ்ணன் கேட்ட கேள்வி.

"ஆன்ட்டி, ஒரு போரை நிறுத்தணும். உங்க மிஷின் ஃப்ரீயா இருக்கா?"

சிவராமகிருஷ்ணன் பக்கத்துத் தெருக்காரன். நாற்பத்திரண்டு வயது, மயிலாப்பூரில் பிறந்தவன். பிரின்ஸ்டன் பக்கம் ஒரு சமாதான அறக்கட்டளையில் வேலை. போன வருடம் அவன் மகள் ரக்ஷாவின் அரங்கேற்றத்துக்கு தனபாக்கியம்தான் அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தாள். "தம்பி, நீங்க என்ன வேலைதான் பாக்கறீங்க?" என்று அன்று கேட்டதற்கு, "சண்டை போடறவங்களுக்கு காபி வாங்கிக் குடுக்கற வேலை ஆன்ட்டி" என்று சிரித்தான். அது எவ்வளவு பெரிய வேலை என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் தம்பாரா என்றொரு நாடு. அதன் பிடியில் முப்பது வருடமாகக் கசேலா என்றொரு மண். விடுதலை கேட்டுக் கசேலாக்காரர்கள் துப்பாக்கி தூக்கி, பிள்ளைகளைப் பறிகொடுத்து, மறுபடி துப்பாக்கி தூக்கி... பிரின்ஸ்டன் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பதினொரு நாள் பேசியிருக்கிறது அந்த அறக்கட்டளை. முந்தின நாள் சாயங்காலம் முடிவு எட்டிவிட்டது. போர்நிறுத்தம். பதினான்கு மாதத்தில் சுதந்திரம்!

இன்று மதியம் பன்னிரண்டுக்குள் கையெழுத்தாக வேண்டும். இங்கே பன்னிரண்டு, அங்கே இரவு ஏழு. லுவாலே என்ற ஊரைத் தம்பாரா ராணுவம் சுற்றி வளைத்து நிற்கிறது. உள்ளே நாற்பதாயிரம் ஜனம். ஏழு மணிக்குள் 'கையெழுத்து ஆயிற்று' என்ற சேதி போகாவிட்டால் பீரங்கிகள் பேசத் தொடங்கும். ஒப்பந்தத்தை அச்சிட்டு பைண்டு பண்ணிக் கொண்டுவர வேண்டிய மன்ஹாட்டன் கம்பெனி வண்டியோ, சுரங்கப் பாதையில் கவிழ்ந்த ஒரு லாரிக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறது.

"மூணு காப்பி ஆன்ட்டி. லெதர் அட்டை. பத்தேகாலுக்கு நான் கிளம்பியாகணும்" என்று பென் டிரைவையும் கெட்டியான காகிதக் கட்டையும் மேஜைமேல் வைத்தான் சிவராமகிருஷ்ணன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு தாளில் தனபாக்கியத்திடமும் அவள் கணவர் நஞ்சப்பனிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகலை அவர்களிடம் கொடுத்தான்.

"நாங்க யாருகிட்டத் தம்பி சொல்லப் போறோம்? சாட் கடைக்காரன்கிட்டயா?" என்றார் நஞ்சப்பன். ஆனாலும் வெட்டும் கத்தியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்தார். அவருக்குக் கட்டிங் மிஷினும் பசையும் தெரியும். போர் தெரியாது.

சிவராமகிருஷ்ணன் வெளியே தன் காருக்குப் போனான். அவன் போன் ஓயவே இல்லை. தனபாக்கியம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் கைப்பிடித்த கணவனோடு நியூஜெர்சிக்கு வந்தவள். வேலை செய்ய விசா இடம் கொடுக்காத ஏழு வருடம், ஒற்றை பெட்ரூம் அபார்ட்மென்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து, கணவரின் பழைய கம்ப்யூட்டரில் தானாகவே டிசைன் பண்ணக் கற்றுக்கொண்டாள். நஞ்சப்பனுக்கு ஐடி வேலை போன வருடம், ஊரே அவர்களுக்காக இரக்கப்பட்டபோது, இவள் கடை போட்டாள். மூவாயிரம் கல்யாணமாவது அவள் கை வழியாகப் போயிருக்கும். பத்திரிகை அடிக்க யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த வீட்டுப் பத்திரிகைங்க? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

ஒரே பத்திரிகை போதும் என்பவர்களை அவள் லேசில் விடமாட்டாள். ரெண்டு வீடு, ரெண்டு பத்திரிகை. பெண் வீட்டுப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா அழைப்பார். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா அழைப்பார். அவரவர் கையில் அவரவர் பெயர் முதலில்.

அதற்குக் காரணம் உண்டு. பெருந்துறையில் அவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரே பத்திரிகையாக அடித்துவிட்டார்கள். தனபாக்கியத்தின் அப்பா பெயர் கடைசி வரியில், பொடி எழுத்தில். விசைத்தறி ஓட்டிப் பெண்ணை வளர்த்த மனுஷன், முகூர்த்த நாள் விடிகாலை மண்டபத்து வாசல்வரை வந்து அப்படியே நின்றுவிட்டார். "எம்புள்ள கல்யாணத்துக்கு நான் யாரு வூட்டு விருந்தாளி?" என்ற ஒரே கேள்வி. உள்ளே மேளம் நின்றது. மணப்பெண் அறையில் தனபாக்கியம் தலைப் பூவைப் பிய்த்துப் போட்டு அழுதாள். அப்போது மாப்பிள்ளை நஞ்சப்பன், கழுத்து மாலையோடு யாருடைய ஸ்கூட்டரையோ எடுத்துக்கொண்டு பறந்தார். அச்சாபீஸ்காரரைத் தட்டி எழுப்பி, மாமனார் பெயர் தலைப்பில் வருமாறு ஐம்பது பத்திரிகை அடித்து, மை காயுமுன் கொண்டுவந்து நீட்டினார். அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். உள்ளே வந்தார்.

இப்போது திரையில் விரிந்தது ஒப்பந்தம். பதினான்கு பக்கம். முதல் பிரிவு, போர்நிறுத்தம். நான்காம் பிரிவு, கைதிகள் வீடு திரும்புவது. ஒன்பதாம் பிரிவு, கசேலாவின் சுதந்திர நாள். படிக்கப் படிக்க தனபாக்கியத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை தாய்மார் இந்தக் காகிதத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

அட்டைப் பக்கத்தில் மேலே தம்பாரா அரசு. கீழே கசேலா விடுதலை இயக்கம். முதல் பத்தியிலும் அதே வரிசை. கையெழுத்துப் பக்கத்திலும் அதே.

அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து கழுத்தை நீட்டினாள். "தம்பி! மூணு காப்பின்னீங்களே, யாரு யாருக்குங்க?"

காதில் போனோடு இருந்த சிவராமகிருஷ்ணன் கையை ஆட்டினான். "ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு இவங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு. சீக்கிரம் ஆன்ட்டி, ப்ளீஸ்!"

அவங்களுக்கு ஒன்று. இவங்களுக்கு ஒன்று. மூவாயிரம் கல்யாணம் பார்த்த கை அதற்குமேல் யோசிக்கவில்லை. தம்பாரா வீட்டுக்கு ஒன்று அடித்தாள். பிறகு மூன்று இடத்தில் பெயர்களை மேல் கீழாக மாற்றி, கசேலா வீட்டுக்கு ஒன்று அடித்தாள். நடுவர் வீட்டுக்கு, வந்தது வந்தபடியே ஒன்று. நஞ்சப்பன் தைத்து, பசை தடவி, லெதர் ஒட்டி, மூன்றிலும் எந்த வீட்டுக்கு என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு செருகினார். பத்து பதினேழுக்கு சிவராமகிருஷ்ணன் மேலே இருந்த ஒன்றைப் புரட்டிப் பக்கங்களை எண்ணினான். "ஆன்ட்டி, நீங்க தெய்வம்!" என்று மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பத்து ஐம்பதுக்கு, கழிவுத் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்த நஞ்சப்பனின் கை நின்றது.

"அம்மிணி... இந்தத் தாள்ல கசேலா மேல இருக்குது. இதுல தம்பாரா மேல இருக்குது. ஃபைல்ல எப்படி இருந்துச்சு?"

"தம்பாராதான் மேல. ரெண்டு வீடாச்சேன்னு நாந்தான் மாத்தி அடிச்சேன்."

"யாரு சொன்னது மாத்தச் சொல்லி?"

தனபாக்கியம் குனிந்து இரண்டு தாளையும் பார்த்தாள்.

"அடக் கடவுளே! இது ஒப்பந்தம் அம்மிணி! கல்யாணப் பத்திரிகையா? ஒரு நாட்டோட கவருமெண்ட்டு பேரைத் தூக்கிக் கீழ போட்டிருக்கறயே!"

பதினொரு நாள் பேசிய பேச்சு! நாற்பதாயிரம் ஜனம்! அவள் கைப்பழக்கம் அத்தனையையும் கவிழ்த்துவிடுமா? சிவராமகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூட்டத்துக்குள் போனுக்கு அனுமதி இல்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

தனபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுது என்னுங்க ஆகப் போகுது? ஃபைல்ல இருந்த மாதிரியே இன்னொண்ணு அடிக்கறேன். கார்ல உக்காந்து பைண்டு பண்ணுங்க. நான் ஓட்டறேன்!"

பதினொன்று ஐந்துக்கு அவர்கள் கார் 'ரூட் 1' நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் நஞ்சப்பன், மடியில் புத்தகம், அதன்மேல் எடைக்கு அவருடைய இரண்டு முழங்கை.

"மெதுவாப் போ அம்மிணி, பசை ஒழுகுது!"

"மெதுவாப் போனா அங்க ரத்தம் ஒழுகுமுங்க!"

"எனக்கு அப்பவே தெரியும். எல்லாத்துக்கும் ரெண்டு பத்திரிகை, ரெண்டு பத்திரிகைன்னு நீ பறக்கறப்பவே..."

"இதைக் கத்துக் குடுத்ததே நீங்கதானுங்க! மாலையோட ஸ்கூட்டர்ல போனது யாரு?"

நஞ்சப்பன் முழங்கையை இன்னும் அழுத்தினார்.

ஹோட்டல் வாசலில் பதினொன்று முப்பத்தைந்து. காவலர்கள் தடுத்தார்கள். தனபாக்கியம் அந்த ரகசியத் தாளின் நகலைக் காட்டி, சிவராமகிருஷ்ணன் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாள். ஐந்து நிமிடம் கழித்து அவன் வந்தான். காலையில் பார்த்த முகமா அது? ரத்தம் வற்றி வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, என்ன பண்ணீங்க?"

"தப்புப் பண்ணிப்போட்டேன் தம்பி. சரியானதைக் கொண்டாந்திருக்கேன்."

"லேட் ஆன்ட்டி. திறந்துட்டாங்க." அவன் சுவரில் சாய்ந்தான். "அந்தப் பேர் வரிசைக்காகவே நாலு நாள் சண்டை. நாங்களும் ஒரு தரப்பு, எங்க காப்பில எங்க பேர் முதல்ல வரணும்னு கசேலா கேட்டாங்க. அப்படிப் போட்டா அவங்களை இப்பவே ஒரு நாடா ஒத்துக்கிட்ட மாதிரின்னு தம்பாரா மறுத்தாங்க. நேத்து சாயங்காலம் கசேலாவோட தூதர் நொம்சா, லுவாலே ஜனத்துக்காக விட்டுக் குடுத்தாங்க. இன்னிக்கு காப்பியைத் திறந்தா அவங்க பேர் மேல! அந்தம்மா அப்படியே உடைஞ்சு அழுதுட்டாங்க. தம்பாரா மினிஸ்டர் வெம்பா எட்டிப் பார்த்துட்டு, முதுகுல குத்திட்டீங்கன்னு எழுந்து நின்னுட்டார். மிஷின் ஃபால்ட்னு நான் சொல்லிடறேன். நீங்க போயிடுங்க."

நஞ்சப்பன் மனைவியின் முழங்கையைப் பிடித்தார். "போயிரலாம் அம்மிணி."

தனபாக்கியம் கையை விடுவித்துக்கொண்டாள். "மிஷின் மேல பழியைப் போட்டா அந்த மினிஸ்டர் நம்புவாருங்களா? நீங்கதான் வேணும்னே பண்ணீங்கன்னு நினைச்சுக்குவாரு. உங்க மேல நம்பிக்கை போச்சுன்னா அப்புறம் யாருங்க சமாதானம் பேசறது? பண்ணுனது நானு. நானே சொல்றேன்."

அவள் காருக்கு ஓடிப்போய் டிக்கியைத் திறந்து, பத்திரிகை சாம்பிள் பெட்டியிலிருந்து ஒரே கல்யாணத்தின் இரண்டு உறைகளை எடுத்துக்கொண்டாள். மணி பதினொன்று நாற்பத்து மூன்று.

சிவராமகிருஷ்ணன் இருவரையும் உள்ளே அழைத்துப் போனான். நீண்ட மேஜை. நடுவில் நரைத்த தலையோடு நடுவர், ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள். ஜன்னல் பக்கம் முதுகு காட்டி நின்ற பெரிய உருவம் வெம்பா. எதிரில் நொம்சா. ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியை, அறுபது வயது. இரண்டு கையையும் தன் காப்பிமேல் விரித்து வைத்திருந்தார், யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பது போல.

தனபாக்கியத்துக்கு ஆங்கிலம் முழுக்க மறந்துபோயிற்று. தமிழில் பேசினாள். சிவராமகிருஷ்ணன் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னான்.

"நான் அச்சுக்கடைக்காரிங்க. இவங்க யாரும் என்கிட்ட மாத்தச் சொல்லலைங்க. நானாத்தான் மாத்துனேன். எங்கூர்ல கல்யாணத்துக்கு ரெண்டு பத்திரிகை அடிப்போம்." உறைகளைத் திறந்து இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "பாருங்க. அதே நாளு, அதே நேரம், அதே மண்டபம். இதுல பொண்ணோட அப்பா பேரு முதல்ல. அதுல மாப்பிள்ளையோட அப்பா பேரு முதல்ல. அந்தப் பழக்கத்துல கை போயிருச்சுங்க. என் தப்புக்காக அங்க ஒரு குழந்தை சாகக் கூடாதுங்க. ஃபைல்ல இருந்த மாதிரியே அடிச்சுக் கொண்டாந்திருக்கேன், இதை வெச்சுக்குங்க!"

கைகூப்பி நின்றாள். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. பின்னால் நஞ்சப்பன் ஈரப் புத்தகத்தைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றார்.

வெம்பா திரும்பினார். மெதுவாக வந்து இரண்டு பத்திரிகைகளையும் கையில் எடுத்தார். தமிழ் தெரியாது. ஆனாலும் எந்தப் பெயர் எங்கே இடம் மாறியிருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இதில் எந்த வீடு பெரியது?"

"அன்னிக்கு ஒரு நாள் ரெண்டுமே பெரிய வீடுங்க."

"எனக்கு மூன்று மகள்கள்" என்றார் அவர் திடீரென்று. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பத்தொன்பது. "என் ஜனாதிபதியிடம் பேச வேண்டும்."

வெளியே போய் வராந்தாவிலிருந்த ஹோட்டல் போனை எடுத்தார். ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து நான்கு! கதவுக்கு அப்பால் அவர் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. நொம்சா மெல்லத் தன் காப்பியிலிருந்து கையை எடுத்தார். அதை மூடினார். நஞ்சப்பனைப் பார்த்து, "அந்த ஈரமானதைக் கொடுங்கள். நான் கீழேயே கையெழுத்துப் போடுகிறேன். நேரமில்லை" என்றார்.

நஞ்சப்பன் ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் கதவு திறந்தது.

"வேண்டாம்" என்றார் வெம்பா. மூச்சு வாங்கியது. "என் ஜனாதிபதி முடியாது என்றார். ஒன்பதாம் பிரிவைப் படித்துக் காட்டினேன். பதினான்கு மாதத்தில் இவர்கள் ஒரு நாடு என்று அதில் நாமே எழுதியிருக்கிறோம். ஒன்பதாம் பிரிவில் கொடுத்ததை முதல் பக்கத்தில் கொடுக்க ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். இனி என் விருப்பம் என்று அர்த்தம்." நாற்காலியை இழுத்துப் போட்டு நொம்சாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். "அம்மா, உங்கள் வீட்டுக் காப்பியைக் கொடுங்கள். முதலில் அதில் கையெழுத்துப் போடுகிறேன்."

நொம்சாவால் உடனே கொடுக்க முடியவில்லை. நடுவர் அம்மாள்தான் அதை எடுத்து வெம்பா முன் வைத்தார்.

பேனா கீறும் சத்தம். ஐம்பத்தாறு. காப்பிகள் கைமாறின. ஐம்பத்தேழு. "மூன்றாவது காப்பியில் யார் பெயர் மேலே?" என்றார் நொம்சா.

"தம்பாராங்க" என்று தனபாக்கியம் குற்றவாளி போல முணுமுணுத்தாள்.

"இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறதே!" என்று கண்ணீரோடு சிரித்துக் கையெழுத்துப் போட்டார் அவர். ஐம்பத்தொன்பது! சிவராமகிருஷ்ணன் இரண்டு தரப்புக்கும் போன்களைத் திருப்பிக் கொடுத்தான். வெம்பா தன் தளபதியிடம் நான்கே சொல் பேசினார். நொம்சா லுவாலேயில் இருக்கும் தன் தங்கையைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் வெறும் இரைச்சல். எல்லாரும் போன் பக்கம் குனிந்தார்கள். வெடிச்சத்தம் வருமா? தங்கையின் குரல் ஏதோ கேட்டது. நொம்சா ஒரே ஒரு சொல் சொன்னார். அங்கிருந்து ஒரு கதவு திறக்கும் ஓசை, யாரோ தெருவில் ஓடிக்கொண்டே கத்தும் ஓசை. பிறகு...

பெண்கள்! பத்துப் பேரா, நூறு பேரா? நாக்கைச் சுழற்றி, அடித்தொண்டையிலிருந்து உச்சிவரை எழுப்பி, ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குத் தாவும் குலவை! போன் மேஜைமேல் அதிர்ந்தது. நொம்சா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தனபாக்கியத்துக்கு அந்தச் சத்தத்தை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நெஞ்சுக்குள் காலையிலிருந்து அடைத்திருந்தது எல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்தது. வாய்க்கு மேல் கையைக் குவித்து, மாரியம்மன் பண்டிகையில் நெருப்புப் பூச்சட்டி எடுக்கும்போது போடுகிற குலவையை அந்த நட்சத்திர ஹோட்டல் அறையில், கூரை அதிர, முழுமூச்சாகப் போட்டாள்.

வாசலில் நின்ற இரண்டு காவலர்கள் பதறி உள்ளே ஓடிவந்தார்கள்.

"அம்மிணி! ஓட்டலு! ஓட்டலு!" என்று நஞ்சப்பன் அலறினார்.

போனில் தங்கையின் குரல். 'அது யார்?' என்று கேட்டிருக்க வேண்டும். நொம்சா முகத்திலிருந்து கையை எடுத்தார். எழுந்து வந்து தனபாக்கியத்தின் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தானும் குலவை எழுப்பினார். லுவாலேயின் தெருக்கள் இன்னும் பலமாகப் பதில் கொடுத்தன. வெம்பா தன் போனை உயர்த்திப் பிடித்தார், மறுமுனையில் இருந்த தளபதிக்கும் கேட்கட்டும் என்று.